செஞ்சிக்கோட்டைக்கு ஏழு நாளும் சூலம்

மந்தைவெளி,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை,
காலை மணி ஒன்பது பத்து.

சிரஞ்சீவி அம்பிக்கு அத்திம்பேர் சங்கரன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. நங்கநல்லூரில் நீயும் உன் அகமுடையாளும் நோய்நொடி இல்லாமல், தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல், ஆஞ்சநேயர் தயவில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். இந்த அறுபத்தொன்பது வயது வரை எழுதிய எல்லாக் கடிதத்திலும் அந்த வரியை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். காலை ஏழு மணிக்கு மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நாலாவது தடவை உன் அகமுடையாள் நம்பருக்குப் போட்டதில், நீ விடியற்காலை நாலரைக்கே கோவிலுக்குக் கிளம்பிப் போய்விட்டதாகவும், வர சாயங்காலம் ஆகும் என்றும் சொன்னாள். உனக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று தெரியவில்லை, நல்லதுதான். எப்படியும் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதை முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, வைத்தும் விடுவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். தவிர, நான் இப்போது மொட்டை மாடியில் வடாம் காவலில் இருக்கிறேன். உன் அக்கா நேற்றுப் பிழிந்த வடாம் இன்னும் ஒரு வெயில் காய வேண்டுமாம், நான் இந்த இடத்தை விட்டு நகரவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மாசி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. என் வெள்ளைத் தொப்பியைக் காணோம். காக்கை ஓட்டக் கைத்தடியைத் தேடினால் அதையும் காணோம். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நாற்காலி போட்டு, உன் அக்காவின் பூப்போட்ட குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் குடை.

விஷயத்துக்கு வருகிறேன். செஞ்சிப் பயணம் ரத்து. நேற்றுச் சாயங்காலம் முடிவாகிவிட்டது.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். ஐந்து வாரத்துக்கு முன்னால் உன் அக்காவை அடையாறில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு முழங்காலையும் மாற்றிவிடலாம், அடுத்த மாதம் வியாழக்கிழமை ஒரு தேதி காலியாக இருக்கிறது என்று சொன்னார். மாற்றிய பிறகு கடைகண்ணிக்குப் போகலாம், வீட்டு மாடிப்படி ஏறலாம், மலை ஏறுகிற எண்ணம் ஏதாவது இருந்தால் அதை டிவியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். உன் அக்கா சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டாள். வலிக்கும், வேறொன்றும் ஆகாது, இனிமேல் கெட்டுப்போவதற்கு அந்த முழங்காலில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் ஏறினோம். அடையாறு பாலம் தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். மந்தைவெளி மார்க்கெட் கிட்ட வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"முப்பத்திரண்டு வருஷம் ஒன்பதாம் கிளாஸுக்கு செஞ்சிக்கோட்டை நடத்தியிருக்கேன். போர்டுல மூணு மலை போட்டு, மூணையும் சுத்தி மதில் போட்டு, சாக்பீஸாலேயே ஏறி எறங்கியிருக்கேன். ஒரு பொண்ணு எழுந்து, 'மிஸ், மேல போனா என்ன தெரியும்'னு கேட்டா. காத்து வரும், ஊரெல்லாம் தெரியும்னு சொன்னேன், போய்ப் பாத்துட்டு வந்தவ மாதிரி. இன்னிக்கு வரைக்கும் பாக்கலை. கழட்டி எறியப்போற முழங்கால்தானே, அதை ஒரு தடவை உருப்படியா உபயோகிச்சுடறேன்."

அன்றைக்கே அவளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் நான் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் நேர அட்டவணை போட்டவன். அட்டவணை இல்லாமல் பால் வாங்கக்கூட எனக்குப் போகத் தெரியாது. அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒன்பது பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். நாலு நாற்பத்தைந்துக்கு மந்தைவெளி விட வேண்டும், ஐந்து இருபத்தைந்துக்கு தாம்பரம், எந்த ஓட்டலில் காபி, அந்த ஓட்டல் பூட்டியிருந்தால் எந்த ஓட்டல், கோட்டையில் எத்தனை படிக்கு ஒரு தடவை உட்காருவது, உட்காருகிற நேரம் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. அதை எனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி வைத்துக்கொள்ள மனசு வரவில்லை, நன்றாக வந்திருந்தது. மறுநாள் காலை லிஃப்டில் சித்தார்த்தனைப் பார்த்ததும் காட்டிவிட்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

சித்தார்த்தன் யார் என்று உனக்குத் தெரியும், மூன்றாவது மாடி, கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவன், எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். நல்ல பையன். ஒன்பது பக்கத்தையும் அங்கேயே போனில் படம் எடுத்து, இவ்வளவு அருமையாகத் திட்டம் போட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போவதா, எல்லோருமாகப் போகலாம் அங்கிள் என்றான். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் அட்டவணையை ஒருவன் புகழ்ந்து எத்தனை வருஷம் ஆகிறது. சரி என்றேன். சாயங்காலத்துக்குள் "செஞ்சி உலா" என்று வாட்ஸாப்பில் ஒரு குழு முளைத்துவிட்டது, அதில் முப்பத்தாறு பேர். எட்டு வீட்டில் முப்பத்தாறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் தினமும் காலை வணக்கம் சொல்லிப் பூப்படம் அனுப்பினார்கள்.

பிறகு கூட்டம் போட்டார்கள். எங்கள் சங்கத்தில் தண்ணீர் மோட்டாருக்கு எண்ணெய் விடுவதென்றாலும் தீர்மானம் நிறைவேற்றித்தான் விடுவது வழக்கம், நான்தான் அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன், ஆகவே குறை சொல்ல வாயில்லை. முதல் கூட்டத்தில் செஞ்சிக்குப் போவது என்று கொள்கையளவில் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. இரண்டாவது கூட்டத்தில், அவ்வளவு தூரம் போகிறவர்கள் மயிலம் முருகனைப் பார்க்காமல் வரலாமா என்று கீழ் வீட்டு மாமி கேட்டாள். மயிலம் சேர்ந்தது. மயிலம் சேர்ந்தால் மேல்மலையனூர் அம்மன் என்ன பாவம் செய்தாள் என்று எதிர் வீட்டில் கேட்டார்கள். அதுவும் சேர்ந்தது. திருவண்ணாமலை அங்கிருந்து கூப்பிடுகிற தூரம்தானே என்று ஒருவர் சொன்னார், யார் கூப்பிடுவது என்று நான் கேட்டதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை. திருவண்ணாமலை என்றால் கிரிவலம், கிரிவலம் என்றால் பௌர்ணமி. நான் ராவெல்லாம் உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தித் திருத்தி எழுதியதில் கடைசியாகக் கோட்டைக்கு இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது. அதுவும் வண்டியிலிருந்து இறங்காமல்.

இந்தத் திருத்தத்தைப் பார்த்துவிட்டுச் சின்னவர்கள் முகம் சுளித்தார்கள். சித்தார்த்தன் உடனே போனிலேயே ஓட்டெடுப்பு வைத்தான். செஞ்சி, மகாபலிபுரம், கடற்கரைச் சாலையில் நீச்சல்குளம் வைத்த ஒரு ரிசார்ட், மற்றவை என்று நாலு பெட்டி. ரிசார்ட்டுக்குப் பத்தொன்பது, மகாபலிபுரத்துக்கு ஒன்பது, மற்றவைக்கு ஆறு, செஞ்சிக்கு இரண்டு. இரண்டில் ஒன்று நான். இன்னொன்று மேல் வீட்டு உமர் ஃபாரூக், ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர். உன் அக்காவுக்கு ஓட்டே இல்லை, அவள் போனில் வாட்ஸாப் கிடையாது. அதை நான் எடுத்துச் சொன்னபோது, ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது அங்கிள் என்று பதில் வந்தது.

சாப்பாட்டுச் சண்டையை எழுத ஒரு தனிக் கடிதம் வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். புளியோதரையா எலுமிச்சை சாதமா என்பதில் இரண்டு கட்சி. ஃபாரூக்கின் சம்சாரம் சகினா, எல்லாருக்கும் நானே வெஜிடபிள் பிரியாணி பண்ணிடறேன், பூண்டு போடாம என்றாள். பூண்டு போடாத பிரியாணியைத் தன் வீட்டார் முகத்தில் விழிக்கவிட மாட்டேன் என்று ஃபாரூக் சொல்லிவிட்டார். இதற்குள் யாரோ செஞ்சியில் குரங்குகள் சாதப் பையைப் பிடுங்கிக்கொண்டு போவதாக ஒரு வீடியோ அனுப்பினார்கள். அதைப் பார்த்ததும் சாப்பாடே வேண்டாம், எல்லோரும் பட்டினியாகப் போகலாம் என்று ஒரு திருத்தத் தீர்மானம் வந்தது, அதை வழிமொழிய ஆள் இல்லாமல் விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் உன் அக்கா தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்குச் சகினாவை அழைத்துக்கொண்டு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் போய், அந்த உயரமான பறக்கும் ரயில் படிக்கட்டில் ஏறி ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பன்னிரண்டு படி. ஒரு வாரத்தில் முழுசாக ஒரு மாடி. போன வாரம் பிளாட்பாரம் வரைக்கும். ஒரு நாள் நானும் கூடப் போனேன். பாதியில் எனக்கு மூச்சு வாங்கிற்று, செருப்பில் கல் ஏறிவிட்டதாகச் சொல்லிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மேலே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் செருப்பையும் பார்த்தாள்.

வண்டிக்கு தணிகாசலத்தைப் பேசினோம். பட்டினப்பாக்கத்தில் வேன் வைத்திருக்கிறான், பன்னிரண்டு பேர் உட்காரலாம். இருபத்தேழு பேர் வருகிறோம் என்று சித்தார்த்தன் சொன்னதைக் கேட்டு அவன் ஒன்றும் பதறவில்லை. என் அட்டவணையைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே ஒன்பது பக்கமும் புரட்டினான்.

"சார், செஞ்சி இன்னா அம்மாந் தூரமா கீது? காலைல எடுத்தா எட்டரைக்கு அங்க உட்ருவேன், பொழுது சாயறதுக்குள்ள ஊட்டாண்ட எறக்கிருவேன். நீங்க இந்தப் பேப்பர்ல எழுதிக்கிற மாதிரி நின்னு நின்னு போய்க்கினு இருந்தா, பெரியம்மா காலு இல்ல சார், என் வண்டிக் காலே பூடும்."

உன் அக்கா அப்போது காபி எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். அவனுடைய போன் நம்பரைச் சகினாவிடம் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். எதற்காவது ஆகும் என்றாள்.

இனி நீ சம்பந்தப்பட்ட கட்டம். கோவில், ரிசார்ட் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சங்கம் வேண்டாம், குழு வேண்டாம், உன் அக்கா, நான், ஃபாரூக், சகினா, நாலே பேர் போகலாம் என்று ஒரு வழியாக நான் முடிவுக்கு வந்து, வியாழக்கிழமை என்று நாள் வைத்து உனக்குப் போன் செய்தேன். நீ பஞ்சாங்கத்தைப் புரட்டி, வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது என்று சொன்னாய். சரி, வெள்ளிக்கிழமை என்றேன். வெள்ளி மேற்கே சூலம், செஞ்சி இங்கிருந்து தென்மேற்கு என்றாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை, ஃபாரூக்கும் வர முடியாது. ஞாயிறும் மேற்கே சூலம். இதற்கு நீயே ஒரு பரிகாரமும் சொன்னாய், மறுக்கவில்லை. "ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுண்டு கிளம்புங்கோ அத்திம்பேர், எல்லாம் சரியாப் போயிடும்" என்றாய். முப்பத்தாறு வருஷம் விதிமுறைப் புத்தகத்தில் வேலை பார்த்தவனிடம் வெல்லத்தைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தாய். நான் போனை வைத்துவிட்டு யோசித்தேன். போகிற வண்டி ஒன்று போட்டால் திரும்புகிற வண்டி ஒன்று போட்டே ஆக வேண்டும், இது என் ரத்தத்தில் ஊறினது. தென்மேற்கே போகிறவன் வடகிழக்கே திரும்பி வர வேண்டுமா இல்லையா? திங்களும் சனியும் கிழக்கே சூலம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன் அம்பி. போகும்போது மூன்று நாள் அடிபடுகிறது, வரும்போது நாலு நாள் அடிபடுகிறது. வாரத்தில் ஏழே நாள்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து செஞ்சிக்கு ஒரே நாளில் போய்வர சாஸ்திரத்தில் இடமே கிடையாது. அந்தக் காலத்து ராஜாக்கள் இதனால்தான் கோட்டையைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தக் கட்டத்தை உன் அக்காவிடம் காட்டினேன். வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு யாரும் சூலம் பார்ப்பதில்லை என்று சொன்னாள். பார்க்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் காபி கலக்கப் போய்விட்டாள். ஃபாரூக்கிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு நாள் போய் இன்னொரு நாள் திரும்பினால் சூலம் இல்லை, அங்கே ஒரு ராத்திரி தங்கலாம் என்றார். தங்கினால் அது ஒருநாள் பயணம் இல்லை, என் அட்டவணை ஒருநாளுக்குத்தான் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது அசட்டுத்தனம் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

நாலு பேருக்கும் நாள் கிடைக்காததால் விஷயம் மறுபடி சங்கத்துக்கே போயிற்று, நேற்றுச் சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே கடைசிக் கூட்டம். செஞ்சிப் பயணத்தை உன் அக்காவின் ஆபரேஷனுக்குப் பிறகு வசதியான ஒரு நாளுக்கு ஒத்திவைப்பது, அப்போது கோட்டையைக் கீழே நின்று பார்ப்பது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். தீர்மானத்தை வாசித்தவன் நான்தான். கீழே நின்று என்ற இடத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. உன் அக்கா கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் கோபப்படவில்லை. எல்லோருக்கும் காபி கொடுத்தாள். இரண்டாம் தடவையும் வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, படுக்கப் போகிறேன், காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

இனி எழுதப்போவதை நீ படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு. சூலம், கோவில், ரிசார்ட் இதெல்லாம் நான் பிடித்துக்கொண்ட சாக்கு. எனக்குப் பயம். அவள் ஏறுவாள், ஏறி ஏறி ஒரு நூறு படியிலோ இருநூறு படியிலோ முடியாமல் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து, அன்றைக்கு ஆட்டோவில் அழுத மாதிரி அழுவாள். தூக்கிவிட என்னால் முடியாது, எனக்கே மூச்சு வாங்குகிறது. ஒரு மலையில், நடுவில், அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது ஒரு வாரம் தள்ளிப் போயிற்று, ஒவ்வொரு வாரமும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இப்போது ரத்தே ஆகிவிட்டது, நிம்மதி வர வேண்டும். வரவில்லை. இந்த வயதில் என் பெண்டாட்டி என்னிடம் கேட்டது ஒரே ஒரு நாள். அதை ஒன்பது பக்கம் எழுதித் தொலைத்துவிட்டேன்.

அவளோ ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறாள். காலை ஐந்தரைக்கே சகினாவோடு கிளம்பிப் போய்விட்டாள். திருவல்லிக்கேணியில் சகினாவின் அக்கா கைசர் ஜஹான் வீட்டில் விசேஷமாம், அவள் பெண் மஹ்விஷுக்கு நிச்சயமாம், பூண்டு உரிக்க ஆள் போதவில்லையாம். பூண்டு வாசனை வந்தாலே ஜன்னலைத் திறக்கிறவள், விடியற்காலையில் எழுந்து பூண்டு உரிக்கப் போகிறாள். நல்ல பட்டாகக் கட்டிக்கொண்டு போயேன் என்றேன். பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு போனாள். முழங்காலுக்கு இதம் என்றாள். சற்று முன் ஃபாரூக் பேப்பர் வாங்க மாடிக்கு வந்தார். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்களே போகவில்லையா என்று கேட்டேன், அது லேடீஸ் விசேஷம் சார் என்றார். சொல்லிவிட்டு என் குடையைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே போய்க் கொஞ்சம் வெல்லம் போட்டுப் பானகம் கரைக்கலாம் என்று பார்த்தேன், வெல்ல டப்பாவைக் காணோம். தயிர்சாதம் கட்டுகிற பெரிய அடுக்கையும் காணோம். ஃப்ளாஸ்க்கையும் காணோம். இந்த வீட்டில் சாமான் வைத்த இடத்தில் இருப்பதில்லை. திருடன் யாராவது வந்திருந்தால், டிவியை விட்டுவிட்டு அடுக்கை எடுத்துப்போன அவன் புத்தியை என்னவென்று சொல்வது.

ஆகவே அம்பி, நான் கேட்பது இது ஒன்றுதான். அடுத்த வியாழன் ஆபரேஷன். அதற்கு முன் நீ ஒரு தடவை இங்கே வந்து, உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, உன் வழக்கப்படி அவளையும் பேசவிடாமல் நாலு வார்த்தை பேசு. நான் சொன்னால் அவள் கேட்டுக்கொள்கிறாள், பதில் பேச மாட்டேன் என்கிறாள். செஞ்சி எங்கேயும் போய்விடாது, மலைதானே, இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும் என்று எடுத்துச் சொல்லு. நிற்கும், ஆனால் அவள் முழங்கால் நிற்காது என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன் அகமுடையாளுக்கு என் ஆசீர்வாதம். இருவரும் பல்லாண்டு நல்ல முழங்காலோடு இருக்க வேண்டும். வடாம் நன்றாகக் காய்ந்தால் உனக்கு ஒரு டப்பா எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அத்திம்பேர்,
சங்கரன்.

பின்குறிப்பு: மணி பதினொன்று இருபது. உறையில் போட்டு ஒட்டினதைப் பிரித்து எழுதுகிறேன்.

இப்போது தணிகாசலம் போனிலிருந்து அழைப்பு வந்தது. "சார், பெரியம்மா ஷோக்கா ஏறிக்கினு கீறாங்க, பயப்படாத" என்று ஆரம்பித்தான். எங்கே என்று கேட்டேன். பின்னால் உன் குரல் கேட்டது அம்பி. சகினா சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு உன் அக்கா வந்தாள். சூலத்துக்கு நீ மூன்று பேர் வாயிலும் வெல்லம் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னாயாம். என் தொப்பி உன் தலையில் இருக்கிறதாம், என் கைத்தடி அவள் கையில் இருக்கிறதாம். அடுக்கைக் குரங்கு பார்த்துவிட்டதாம், பரவாயில்லையாம். என்னிடம் சொல்லியிருந்தால் அட்டவணை போட ஆரம்பித்துவிடுவேனாம், அதனால்தான் வடாத்துக்குக் காவல் வைத்தாளாம். அப்புறம் சொன்னாள்.

"நான் நடுவுல உக்காந்து அழுவேன்னுதானே பயந்தேள்? நடுவுலதான் உக்காந்திருக்கேன். இதுக்கு மேல முடியுமோ என்னவோ தெரியலை. அழலை. காத்து வரது. இங்கேர்ந்தே ஊரெல்லாம் தெரியறது. அந்தப் பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லலை."

மலைக்கு மேலே சரியாகக் கேட்காது என்று நினைத்து அவள் கொஞ்சம் உரக்கவே பேசினாள். நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன். வடாத்தில் பாதி காக்கைக்குப் போய்விட்டது, போகட்டும்.

மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டியதில்லை. அவளை மேலே ஏறச் சொல்லாதே, இறங்கச் சொல்லாதே, பேசாமல் பக்கத்தில் உட்கார், அவளாக எழுந்திருக்கட்டும். இந்தக் கடிதம் நாளை மறுநாள்தான் உனக்குக் கிடைக்கும், அதற்குள் எழுந்துவிடுவாள். ஆகையால் இப்போதே போன் செய்கிறேன். இந்த ஒரு தடவை எடு.